மூன்று மணி நேர மருந்து

முதலில் நான் சண்டை போட்டது செருப்புத் தைக்கிறவரிடம்தான். பதினைந்து வருஷமாகக் காரைக்குடியில் அவர் தைத்த செருப்பைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே வருஷத்தில் இரண்டாவது ஜோடியும் காலைக் கடிக்கவே, அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"என் கால வச்சு வரைஞ்ச அளவு உங்கிட்ட இருக்குல்ல? பெறகு எப்படிய்யா சின்னதாப் போச்சு?"

அவர் பதறவில்லை. பழைய அளவுக் காகிதத்தை எடுத்துத் தரையில் விரித்து, அதன் மேல் காலை வைக்கச் சொன்னார். பெருவிரல் கோட்டைத் தாண்டி நின்றது.

"செருப்பு சுருங்கலண்ணே. காலுதான் வளந்திருக்கு."

"நாப்பது வயசுல எவனுக்குய்யா காலு வளரும்?" என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டு வந்தேன். பிற்பாடு பெரிய படிப்புப் படித்தவர்கள் வாரக்கணக்கில் சோதித்துச் சொன்னதை அந்த மனிதர் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அவருக்கு நான் கொடுத்த கூலி வசவுதான். எழுபதுகளின் பின்பாதியில் எனக்கு வந்த நோயைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் தங்க வேலை செய்யும் ஆசாரி. அதிலும் கல் பதிக்கிற வேலை. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து ஊரில் பாதிப் பட்டறை மூடிக் கிடந்த காலத்திலும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது என்றால் அது இந்தப் பத்து விரல்களால்தான். அந்த விரல்கள் தடித்துக்கொண்டே வந்தன. இடுக்கியைப் பிடித்தால் விரலுக்குள் அது காணாமல் போனது. இடுக்கி செய்து தந்த கொல்லரையும் திட்டினேன். கல்யாண மோதிரம் கழலவில்லை. அரத்தால் நானே அறுத்து எடுத்தேன். ஊதுகுழலால் நெருப்பை ஊதும்போது மூச்சு ஒரே சீராக வர வேண்டும். நாக்கு தடித்துப்போனதால் காற்று திக்கித் திக்கி வந்து, பற்றவைத்த இடமெல்லாம் கருகியது. சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு வியர்வை தேறும். தலைவலி காலையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஆசாரிக்கு வசதி வந்துருச்சு, உடம்பு போட்டுட்டாரு" என்றார்கள். நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

பயம் வந்தது ஒரு கெம்புக் கல்லால். வலையபட்டியிலிருந்து ஒருவர் பழைய அட்டிகையைக் கொண்டுவந்து, கல்லைப் பிரித்து வேறு நகையில் பதிக்கச் சொல்லி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கல் காணவில்லை. பாயை உதறினேன், கரியைச் சலித்தேன், மடியைத் தட்டினேன். அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான், பெற்றவள் நகையிலும் துளி திருடுவான் என்று எங்களைப் பற்றி ஊரே சொல்லி வைத்திருக்கிறது. அவர் சும்மா இருந்தது அதைச் சொன்னது போலத்தான் எனக்கு இருந்தது. காப்பி கொண்டுவந்த என் மனைவி தெய்வானை, நிலைப்படியில் நின்றபடியே சொன்னாள்.

"அந்தா, உங்க இடது முட்டுக்குப் பக்கத்துலதான கெடக்கு. கண்ணு தெரியலையா?"

அந்த இடத்தை நான் மூன்று தடவை பார்த்திருந்தேன். பார்த்ததாக நினைத்திருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

அந்த மாதத்திலேயே பினாங்கிலிருந்து ஓர் ஆச்சி ஊருக்குத் திரும்பியிருந்தார். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நான் தோடு செய்து கொடுத்திருந்தேன். பட்டறைக்குள் வந்து என்னைப் பார்த்தபடியே கேட்டார்.

"இங்குட்டு ஒரு ஆசாரி வேலை பாப்பாரே, எங்க போனாரு? நீங்க அவுக அண்ணனா?"

"நாந்தான் ஆச்சி."

ஆச்சி சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் தாடையையும் மூக்கையும் பார்த்தார்.

"பினாங்குல எங்க பக்கத்து வீட்டுச் சீனருக்கு இப்படித்தான் மொகம் மாறுச்சு. கையி காலெல்லாம் பெருத்துச்சு. மூளைக்குக் கீழ கட்டின்னாக. நீங்க பட்டறையப் பூட்டிட்டு மெட்ராசுக்குப் போங்க. நாளைக்கு, நாளன்னைக்குன்னு இருக்காதீக."

தினமும் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. தெய்வானை அன்று எங்கள் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள்.

மெட்ராசில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் நான் இருந்த நாட்களை இன்று நினைத்தால், ஆச்சரியமாக, ஏக்கம்தான் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். காலையில் அலுமினியத் தட்டில் வரும் பாலும் ரொட்டியும். டெட்டால் வாசனை. பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒருவர் வியாதியை ஒருவர் விசாரித்து, நம்முடையது தேவலை என்று ஆறுதல் பட்டுக்கொள்வோம். தெய்வானையின் தம்பி பெரம்பூரில் ரயில்வேயில் இருந்தான். அவள் அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, தூக்குச்சட்டியில் குழைய வடித்த ரசஞ்சோறு கொண்டுவருவாள். என் பல்லெல்லாம் இடைவெளி விட்டு விலகியிருந்ததால் சோறு அப்படிக் குழைந்திருக்க வேண்டும். பஸ்ஸில் சட்டி சாய்ந்துவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாளாம். புடவை மடிப்பில் ரசக்கறை போகவே இல்லை.

நோயை எனக்கு விளங்கும்படி சொன்னார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி. அது உட்கார எலும்பிலேயே ஒரு சின்னக் குழி, நாங்கள் கல் பதிக்க வெட்டுகிற குழி போலத்தான். வளரும் வயதில் உடம்பை வளரச் சொல்லும் நீர் அதிலிருந்துதான் ஊறுகிறது. பெரியவர்களுக்கு அது கொஞ்சம் போதும். எனக்கு அதில் கட்டி விழுந்து, பச்சைப்பிள்ளைக்கு ஊறுவதை விட அதிகமாக ஊறிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் அந்தக் குழி அகன்று தெரிந்தது. கட்டி மேலே தள்ளிக் கண் நரம்பை அழுத்தியதால் இரண்டு ஓரப்பார்வையும் போய்க்கொண்டிருந்தன. இடது பக்கம்தான் மோசம். ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் தலையை வைத்து, ஓரத்திலிருந்து வரும் வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் சொல்லச் சொன்னார்கள். நான் புள்ளிக்காகக் காத்திருந்தேன். அது வந்து போய்விட்டது என்றார்கள்.

மூக்கு வழியாகப் போய்க் கட்டியை எடுக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், ஆபரேஷனிலேயே கெட்டும் போகலாம். செய்யாவிட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் நிச்சயமாகக் கண் போய்விடும். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். உண்மையில் யோசிக்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தேன். கண்ணில்லாத ஆசாரி எதற்கு ஆவான்?

அப்போதுதான் டாக்டர் சுசீலா வந்தார். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த சின்ன வயது டாக்டரம்மா. ஒல்லியான உருவம். எப்போதும் கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க். வளர்ச்சி நீரை ஊறவிடாமல் தடுக்கும் ஒரு பொருளை வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். முதலில் லட்சக்கணக்கான ஆடுகளின் மூளையடியை அரைத்து, அதிலிருந்து துளியூண்டு எடுத்தார்களாம். பிறகு அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டு சோதனைச்சாலையிலேயே செய்யப் பழகிவிட்டார்களாம். ஒரு பரிசோதனைக்காக அதில் கொஞ்சம் இங்கே வந்திருந்தது.

"அது எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"பதினாலு மணி கோத்த சரம்னு வச்சுக்கோங்க. மூணாவது மணிக்கும் பதினாலாவது மணிக்கும் நடுவுல ஒரு பூட்டு."

என் தொழில் தெரிந்து சொன்னாரோ, இல்லை எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வாரோ. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஒருநாள் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கூண்டுகளில் வெள்ளை எலிகள் இருந்தன. உடம்பில் ஒரு நீர் என்ன வேலை செய்கிறது என்று அறிய, அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றது என்ன ஆகிறது என்று பார்ப்பார்களாம். நிறுத்துவதற்கு இந்தச் சரம் உதவியது. வளர்ச்சி நீரை மட்டுமல்ல, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் இது அடக்கிவிடுவதால், சர்க்கரை நோயை ஆராய்கிறவர்களும் இதைத் தேடினார்களாம். எலிக்குக் கொடுத்தது போக மிச்சம் எனக்கா என்று கேட்டேன். "எலி உங்களை மாதிரி கேள்வி கேக்காது" என்றார்.

சம்மதக் கையெழுத்து வாங்கும்போது அவர் மூன்று முறை சொன்னார்: இது வைத்தியம் இல்லை, பரிசோதனை. இதனால் உங்களுக்குக் குணமாகாது. விருந்துக்கு வந்தவர் "போதும் போதும்" என்று சொல்வாரே, அப்படித்தான் அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை வெறும் வயிறு. ஒரு கையில் மருந்து இறங்க, மறு கையில் கால் மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்து ஐஸில் வைத்தார்கள். மருந்துக் குப்பியைப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, அவ்வளவுதான். குன்றிமணி எடையை நூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு தேறும். அதே எடைத் தங்கத்தை விட அது எத்தனையோ மடங்கு விலை என்று கேட்டதும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பட்டறையில் பாயைக்கூட எரித்துச் சாம்பலைக் கழுவி, ஒட்டிய பொன்னை எடுக்கிறவன் நான்.

"குப்பியில ஒட்டியிருக்கும் டாக்டரம்மா. நல்லா அலசி ஊத்துங்க."

அவர் சிரித்தார். "ஒட்டத்தான் செய்யும். அதுக்குத்தான் உங்க ரத்தத்தையே கொஞ்சம் இதுல கலந்திருக்கோம். அதுல இருக்கிற புரதம் முந்திப் போய்க் கண்ணாடியில ஒட்டிக்கும். மருந்து தப்பிச்சுக்கும்."

படித்தவர்களுக்குப் பாடம் சொல்லப் போய் மூக்கறுபட்டேன். ஆனாலும் அவர்களும் எங்களைப் போலத் தூள் வீணாகப் பயப்படுகிறவர்கள் என்பதில் ஒரு திருப்தி.

லேசாகக் குமட்டியது. பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? தலைவலி போய்விட்டது. வருஷக்கணக்காகக் கூடவே இருந்த வலி, வண்டிச் சத்தம் நின்றது போல நின்றது. நெற்றி காய்ந்திருந்தது. தெய்வானையைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் தொட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று மணி நேரம் நான் பழைய ஆளாக இருந்தேன். அந்த மூன்று மணி நேரத்தை என் ஆயுளில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஊசியை எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் தலைவலி வந்துவிட்டது. சட்டை நனைந்துவிட்டது.

அங்கேதான் என் புத்தி கோணியது. ஓர் ஆசாரிக்குத்தான் இப்படித் தப்பாக யோசிக்க வரும். நகையை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தால், அந்தச் சின்னக் கோட்டிலேயே நகை முழுவதன் மாற்றும், அதாவது பொன்னின் தரமும், தெரிந்துவிடும். துளி எப்படியோ மொத்தமும் அப்படி. அதைத்தான் அப்பாவிடமிருந்து கற்றிருந்தேன். துளி மருந்துக்கு மூன்று மணி நேரம் என்றால், நிறைய வாங்கினால் காலம் முழுவதும் ஓடாதா? மூக்கைக் குடைந்து மூளைக்குப் போகிற வேலை எதற்கு? பெரிய டாக்டரிடம் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் சுசீலா கட்டிலருகே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "ரத்தத்துல அது ரெண்டு மூணு நிமிஷத்துல பாதியா அழிஞ்சிரும். சொட்டிக்கிட்டே இருந்தாத்தான் வேலை செய்யும். ராத்திரி பகலா ஊசியோட எப்படி இருப்பீங்க? அவ்வளவு மருந்து உலகத்துலயே கிடையாது."

"செய்யுறவுக அட்ரஸக் குடுங்க. எடைக்கு எடை தங்கமாவே தாரேன்."

அவர் முகம் வாடிவிட்டது. ஆசை காட்டிவிட்டோமோ என்று அந்தப் பெண் வருந்தியிருக்க வேண்டும். எனக்கு அப்போது அது கஞ்சத்தனமாகத்தான் பட்டது.

தெய்வானையிடம் ஊருக்குப் போய்ப் பெட்டியிலிருக்கும் பொன்னையெல்லாம் எடுத்து வரச் சொன்னேன். அவள் "பாக்கலாம்" என்றாள். குன்றக்குடி முருகனுக்கு எனக்காக முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். முருகன் வேண்டாம், பெட்டிச்சாவியை எடு என்று எரிந்து விழுந்தேன். இப்படியே பதினைந்து நாள் ஓடியது. மறுபடி கண் சோதித்தார்கள். ஓரம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

ரத்தச் சோதனை முடிவு அதன் பிறகுதான் வந்தது. டாக்டர் சுசீலா கட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்து என் மடியில் விரித்தார். புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்திருந்தது. மருந்து ஏறியதும் கோடு சரிந்து, மூன்று மணி நேரமும் தரையோடு தரையாகக் கிடந்தது.

"பாத்தியா? வேலை செஞ்சிருக்கு" என்றேன் தெய்வானையிடம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாளின் கடைசியில் விரலை வைத்தாள். "இங்குட்டு என்னாச்சு டாக்டரம்மா? எங்க ஏறுது இது?"

"மருந்தை நிறுத்தினதும் ஏறிருச்சு. முன்னாடி இருந்ததை விட அதிகமாவே."

தெய்வானை கல்லல் பக்கத்து ஆசாரி வீட்டுப் பெண். பட்டறைப் புகையில் பிறந்து வளர்ந்தவள். என் தொழிலைப் பற்றி என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் ஒண்ணு கேக்குறேன், கோவிக்காதீக. உரைகல்லுல இழுத்த கோட்டச் சொரண்டி, நீங்க யாருக்காச்சும் மோதிரம் செஞ்சு குடுத்திருக்கீகளா?"

நான் மடியிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"இவுக உரைச்சுத்தான் பாத்தாக. நோய் இன்னதுன்னு தெரிஞ்சுபோச்சு. பெறகு நெருப்புல வச்சு உருக்குறத உருக்கித்தான ஆகணும்? உங்களுக்கு நெருப்புக்குப் பயம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காகக் கோட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க முடியுமா?"

பக்கத்துக் கட்டில்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அதை விட, நான் பயந்திருக்கிறேன் என்பதை ஒருவர் வாய் விட்டுச் சொன்னதில் பெரிய பாரம் இறங்கியது. பேனாவை வாங்கி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். தடித்த விரலில் கையெழுத்து கோணல் மாணலாக விழுந்தது.

போகும் முன் டாக்டர் சுசீலா, அந்தத் தாளிலுள்ள புள்ளிகளை மற்ற நோயாளிகளின் புள்ளிகளோடு சேர்த்து எழுதப் போவதாகவும், அதில் என் பெயர் இருக்காது என்றும் சொன்னார். போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். இன்னும் நீண்ட நேரம் நிற்கிற சரத்தை வேறு யாராவது கோக்க இது உதவலாம் என்றார். என் உடம்பில் நின்றது மூன்று மணி நேரம்தான் என்றாலும், அவ்வளவு சுத்தமான வேலையில் எனக்கும் ஒரு பங்கு இருந்ததில் எனக்குப் பெருமைதான்.

ஆபரேஷன் நாளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். ஐந்துக்கு மேல் நான் அங்கே இல்லை.

விழித்தபோது மூக்கு முழுக்கப் பஞ்சு அடைத்திருந்தார்கள். வாயால்தான் மூச்சு. தலையைத் திருப்பக்கூடாது என்று உத்தரவு. ஒரு நாள் முழுக்க மேலே விட்டத்தையும் மின்விசிறியையுமே பார்த்துக் கிடந்தேன். மறுநாள் மத்தியானம் வார்டில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, இடது ஓரத்தில் ஏதோ மங்கலாக அசைவது தெரிந்தது. பழுப்பாக ஒரு புடவை, மடிப்பில் ரசக்கறை. பிறகு ஒரு கை. பிறகு முகம்.

தெய்வானை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. துடைக்க வேண்டிய அவசியமில்லை என்று பழகிப்போனவள் மாதிரி, தாராளமாக அழவிட்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த நாளிலிருந்து அவள் ஸ்டூலை என் இடது பக்கத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தாள். சோறு ஊட்ட மட்டும் முன்னால் வருவாள், ஊட்டி முடித்ததும் அங்கேயே போய்விடுவாள். எனக்கு எந்தப் பக்கம் தெரியாது என்று டாக்டர்கள் கருவி வைத்துக் கண்டுபிடித்ததை அவள் எப்போதோ கண்டுபிடித்து, தனக்கு அழ ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள். அத்தனை வாரமும் நான் ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு, இவளுக்கு நெஞ்சழுத்தம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று மனதுக்குள் குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

தலையைத் திருப்பாமல், விசிறியைப் பார்த்தபடியே, அடைத்த மூக்கோடு சொன்னேன்.

"அழாத தெய்வான."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். ஸ்டூல் சாய்ந்தது. "யாரு அழுதா? நீங்க அங்குட்டுத்தான பாத்துக்கிட்டு இருக்கீக?"

"ஆமா. ஆனா இங்குட்டும் தெரியுது."

அவள் அப்படியே நின்றாள். பிறகு முந்தானையை எடுத்து, முதல் தடவையாக என் எதிரில், முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.